துருவில் எழுதிய கணக்கு

பரமக்குடி என்றதும் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வரும்? சினிமா ரசிகர்களுக்குக் கமல்ஹாசன் பிறந்த ஊர். சமையல்கட்டில் நிற்பவர்களுக்குக் குண்டு குண்டாக முண்டு மிளகாய். எனக்கு, தறி. வைகையைத் தாண்டி எமனேஸ்வரம் பக்கம் போனால் போதும், 'டக்... டக்...' என்று தறிச் சத்தம். சௌராஷ்டிர நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்டும் பருத்தியும் நெய்துவரும் இடம்.

அடுத்த முறை அங்கே போனால் புடவையைப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். தறிக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். துளை போட்ட நீள நீள அட்டைகள், நூலால் ஒன்றோடு ஒன்று கோக்கப்பட்டு மாலை மாதிரித் தொங்கும். அதற்கு மேலே ஒரு பெட்டி. ஜக்கார்டு பெட்டி. நெசவாளர் மிதியை ஒரு முறை அழுத்தினால் ஒரு அட்டை நகர்ந்து பெட்டியின் ஊசிகளுக்கு எதிரே வந்து நிற்கும். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதற்குரிய பாவு நூல் மேலே எழும்பும். துளை இல்லையா? ஊசி தள்ளப்படும், நூல் கீழேயே கிடக்கும். நடுவே நாடா ஓடும். அடுத்த அட்டை. அன்னம், மாங்காய், ருத்ராட்சம் எல்லாமே இப்படித்தான் புடவைக்கு வந்து சேருகின்றன.

உண்டு அல்லது இல்லை. இரண்டே பதில். கம்ப்யூட்டர்காரர்கள் இதைத்தான் 1, 0 என்கிறார்கள்!

பிரான்சின் லியோன் நகரத்தில் 1804-ல் ஜோசப் மாரி ஜக்கார்டு இந்தப் பெட்டிக்கு உரிமை வாங்கினார். 1839-ல் அவர் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குத் தேவைப்பட்ட அட்டைகள் 24,000! அந்தப் பட்டுப் படங்களில் ஒன்றை லண்டனில் ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டினார். அவர் சார்லஸ் பாபேஜ். கம்ப்யூட்டரின் தந்தை என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தோமே, அவரேதான். தன் கணக்கு இயந்திரத்துக்கும் துளை அட்டைதான் என்று முடிவு செய்தார். பிறகு 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளை வைத்தே தலைகளை எண்ணினார். அவர் கம்பெனிதான் கைமாறி, மற்ற கம்பெனிகளோடு சேர்ந்து, கடைசியில் ஐபிஎம் ஆனது. 1928-ல் 80 பத்திகள் கொண்ட அட்டை வந்தது. அப்புறம் உலகத்தின் கணக்குவழக்கே அட்டை மயம்.

அட்டையில் ஒரு தொல்லை இருந்தது. தறிக்கு அது தொல்லையே இல்லை, ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரிசையாக வந்தால் போதும். ஆனால் பேப்பர் வியாபாரி ஒருவருக்கு, 40 ஆயிரம் அட்டைகளில் எங்கோ கிடக்கும் ஒரே ஒரு வாடிக்கையாளரின் பாக்கி இப்போதே வேண்டும் என்றால்? தொட்டி தொட்டியாக அடுக்கிய அட்டைகளில் குமாஸ்தா கைவிட்டுத் துழாவ வேண்டியதுதான். சரியான அட்டையை எடுத்துவிடுவார், சமத்து. ஆனால் திரும்ப வைக்கும்போது இடம் மாறினால்... போச்சு!

இந்தத் துழாவலுக்கு முடிவு கட்டத்தான் ஹார்ட் டிஸ்க் பிறந்தது.

ரெனால்ட் ஜான்சன் என்று ஒரு பள்ளி ஆசிரியர். மிச்சிகனில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், மாணவர்கள் பென்சிலால் குறித்த விடைகளைத் தானே திருத்தும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஐபிஎம் அவரையே அழைத்துக்கொண்டது. 1952-ல் கலிஃபோர்னியாவின் சான் ஹொசே ஊரில், நோட்ரடாம் அவென்யூ 99-ம் எண் கட்டடத்தில் புதிதாக ஓர் ஆய்வகம் தொடங்கச் சொன்னார்கள். அங்கேதான் அந்த ராட்சதன் உருவானான். பெயர் ராமாக். 'ராமன்' மாதிரி ஒலித்தாலும் நம்மூர் சம்பந்தம் எதுவும் இல்லை! 1956 செப்டம்பரில் உலகத்துக்கு அறிவித்தார்கள்.

கம்ப்யூட்டரின் எண் 305. அதன் டிஸ்க் பெட்டியின் எண் 350. 24 அங்குல விட்டத்தில் 50 அலுமினியத் தட்டுகள். தோசைக்கல்லைவிடப் பெரிசு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நிமிடத்துக்கு 1,200 சுற்று. எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவு? 50 லட்சம் எழுத்துகள். 80 பத்தி அட்டையில் போட்டால் 62,500 அட்டை. இன்றைய கணக்கில் நான்கு எம்பிகூட வராது, உங்கள் செல்போனில் எடுத்த ஒரு நல்ல போட்டோ இதில் அடங்காது. வாடகை, முழு இயந்திரத்துக்கும் மாதம் 3,200 டாலர். அந்தக் காலத்து டாலர்!

அந்தத் தட்டுகளின் மேல் தகவலைப் பிடித்து வைத்தது எது தெரியுமா? பெயின்ட். இரும்பு ஆக்ஸைடு கலந்த பெயின்ட். இரும்பு ஆக்ஸைடு என்றால் வேறொன்றும் இல்லை, துரு! சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு அடிக்கும் செம்பழுப்பு பெயின்ட்டின் ஒன்றுவிட்ட சகோதரன் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அதைத் தட்டில் சமமாகப் பூசுவதற்குள் ஆராய்ச்சியாளர்களுக்கு நாக்கு தள்ளிவிட்டது. தூரிகை சரிப்படவில்லை. கடைசியில் மகளிர் காலுறையில் பெயின்ட்டை வடிகட்டினார்கள், காகிதக் கோப்பையில் எடுத்தார்கள், சுழலும் தட்டின் நடுவில் ஊற்றினார்கள். சுழற்சியே அதை ஓரம் வரை இழுத்துப் பரப்பியது. இவ்வளவு பெரிய கம்பெனியின் மகத்தான கண்டுபிடிப்பில் ஒரு காலுறையும் ஒரு காகிதக் கோப்பையும்!

தட்டு 50. படிக்கும் கையோ ஒன்றே ஒன்று. 37-வது தட்டில் தகவல் இருந்தால் கை வெளியே வரும், மேலோ கீழோ ஏறி இறங்கும், 37-வது தட்டுக்கு நேராக நின்று உள்ளே நுழையும். தட்டில் அதன் தலை உரசக்கூடாது. உரசினால் துருவோடு தகவலும் போய்விடும். அதற்காகக் கம்ப்ரஸரிலிருந்து காற்றைச் செலுத்தி, தலைமயிர் கனத்தைவிடக் குறைந்த இடைவெளியில் அதை நிறுத்தினார்கள். இத்தனை நாட்டியத்துக்கும் சராசரியாக 0.6 விநாடி. குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்குள் பாக்கி கையில் இருக்கும்.

1958-ல் பிரசெல்ஸ் உலகக் கண்காட்சியில் இந்த இயந்திரத்தை 'புரொபசர் ராமாக்' என்று பெயர் சூட்டி நிறுத்தினார்கள். ஏதாவது ஓர் ஆண்டைச் சொன்னால் போதும், அந்த ஆண்டில் உலகில் என்ன நடந்தது என்று பத்து மொழிகளில் பதில் தந்தது. அடுத்த ஆண்டு மாஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சியிலும் போய் நின்றது. வரலாற்றையே ஒப்பித்த இயந்திரம்!

சரி, ஒப்பித்தவருக்கு என்ன ஆயிற்று? ஆயிரத்துக்கும் மேல் தயாரித்தார்கள். 1961-ல் தயாரிப்பு நின்றது. 1969-ல் ஐபிஎம் மொத்தமாகக் கைகழுவியது. வாடகைக்குத்தான் கொடுத்திருந்தார்கள் என்பதால், காலம் முடிந்ததும் திரும்பப் போனவைதான் பெரும்பாலும். ஒரு டன் இரும்பை யார் வைத்துக் கும்பிடுவார்கள்? தப்பிப் பிழைத்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை.

2002-ல் ஆல் ஹோக்லண்ட் என்பவர் ஒரு காரியம் செய்தார். 1950-களிலிருந்தே ஐபிஎம்மில் இந்த டிஸ்க் வேலையில் ஊறியவர். ஓய்வுக்குப் பிறகு சான்டா கிளாரா பல்கலைக்கழகத்தில் இருந்தார். ஐபிஎம்மிடம் கேட்டு ஒரு 350 டிஸ்க் பெட்டியை இரவலாக வாங்கி வந்து, இன்ஜினீயரிங் மாணவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, 'வாங்க, இதை ஓட வைப்போம்' என்று இறங்கினார். அந்தப் பிள்ளைகள் பிறப்பதற்கு இருபது வருஷங்களுக்கு முன்பே தயாரித்து முடித்துவிட்ட இயந்திரம்!

என்ன கஷ்டம் என்கிறீர்களா? டிஸ்க் இருக்கிறது. அதற்கு உத்தரவு போடுகிற 305 கம்ப்யூட்டர் இல்லை. அது வால்வுகளால் ஆன இயந்திரம். பழைய ரேடியோவில் சிவப்பாக எரியுமே, அந்த வால்வு. முழு 305-ஐயும் திரும்பக் கட்ட முடியாது. ஆகவே தட்டும் கையும் தலையும் அசலாக இருக்கட்டும், உத்தரவு போடும் வேலைக்கு மட்டும் புதிய சர்க்யூட் செய்து மாட்டுவோம் என்று தீர்மானித்தார்கள். உடம்பு தாத்தாவுடையது, மூளை பேரனுடையது. பிறகு இயந்திரம் மவுன்டன் வியூவில் உள்ள கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகத்துக்கு இடம் மாறியது. அங்கேயும் ஓய்வுபெற்ற டிஸ்க் இன்ஜினீயர்கள் சம்பளமில்லாமல் வந்து உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தார்கள்.

கை அசைந்தது. ஏறியது, இறங்கியது, உள்ளே நுழைந்தது. தலை, துருவைத் தொடாமல் தொட்டது. திரையில் சமிக்ஞை வந்தது. அரை நூற்றாண்டுக்கு முன்பு எழுதியது அப்படியே இருந்தது! கனடாவின் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி கணக்கு, 1963-ம் ஆண்டு அமெரிக்க பேஸ்பால் இறுதிப் போட்டிகள் பற்றிய தகவல் என்று பழைய சமாச்சாரங்கள் வெளியே வந்தன. துரு மறக்கவே இல்லை. அதைக் கேட்கத் தெரிந்த இயந்திரமும், அந்த இயந்திரத்தைத் தெரிந்த ஆட்களும்தான் காணாமல் போயிருந்தார்கள்.

இதே நிலைமை ஒரு முறை நம் நாட்டுக்கே வந்தது, ஒரே நாளில்.

1970-களில் இந்தியாவில் பெரிய கம்ப்யூட்டர் என்றால் ஐபிஎம். ரயில்வே மண்டலங்களில் 1401 என்ற மாடல் சம்பளக் கணக்கும் சரக்குக் கணக்கும் போட்டது. வெளிநாட்டில் ஓய்வு கொடுத்த மாடலைப் பழுதுபார்த்து இங்கே வாடகைக்கு விடுகிறார்கள் என்று நாடாளுமன்றம் வரை புகார் போயிற்று. 1973-ல் வந்த அந்நியச் செலாவணிச் சட்டப்படி, வெளிநாட்டுக் கம்பெனிகள் பங்கை 40 சதவிகிதமாகக் குறைக்க வேண்டும். ஜனதா ஆட்சியில் தொழில் அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் பிடிவாதமாக நின்றார். ஐபிஎம்மும் பிடிவாதமாக நின்றது. கடைசியில் 1978-ல் மூட்டை கட்டியது. 'ஆச்சு, இனி எல்லா இயந்திரமும் பிணம்தான்' என்று பலர் பயந்தார்கள்.

பயந்தபடி நடக்கவில்லை. 1975-ல் மத்திய அரசு தொடங்கிய கம்ப்யூட்டர் பராமரிப்புக் கழகம், அதாவது சிஎம்சி, நாடு முழுக்க 800-க்கும் மேற்பட்ட இடங்களில் ஐபிஎம் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையைக் கையில் எடுத்தது. அட்டை படிக்கும் கருவி, டேப், டிஸ்க், பிரின்டர் எல்லாம் சேர்த்துத்தான். ஐபிஎம்மில் வேலை பார்த்த இந்தியர்கள் பலர் இங்கேயும் புதிய கம்பெனிகளிலும் சேர்ந்தார்கள். சென்னை ஐஐடியில் 1973-ல் வந்த ஐபிஎம் 370/155 இயந்திரம், ஐபிஎம் நாட்டைவிட்டுப் போன பிறகும் ஆண்டுக்கணக்கில் ஓடியது. உண்மையைச் சொன்னால், நம் ஊரின் கம்ப்யூட்டர் வரலாற்றில் புதிதாகக் கண்டுபிடித்தவர்களுக்குக் கிடைத்த மாலையில் பாதிகூட, பழையதை ஓட வைத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த சிஎம்சி 2001-ல் டாடாவிடம் போனது, 2015-ல் டிசிஎஸ்ஸோடு கரைந்தது.

இதெல்லாம் பெரிய இடத்துக் கதை. உங்கள் வீட்டுப் பரணுக்கு வருவோம்.

1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்தது. வரி குறைந்தது. பிசி என்ற சின்னப் பெட்டி ஆடிட்டர் ஆபீசுக்கும் அச்சகத்துக்கும் நூல் கடைக்கும் கூட்டுறவு சங்கத்துக்கும் மெல்ல மெல்ல வந்தது. அதனுள்ளே செங்கல் கனத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க். சீகேட் கம்பெனியின் எஸ்டி-225 என்ற 20 எம்பி டிஸ்க் அந்த நாளில் உலகமெங்கும் ஓடியது. அப்படி ஒன்று உங்களிடம் இருக்கிறது, அதில் அப்பா காலத்துக் கணக்கோ, அச்சில் வராத கையெழுத்துப் பிரதியோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுக்க முடியுமா?

முடியும். ஆனால் அவசரப்பட்டு ஸ்விட்சைப் போடாதீர்கள்! முப்பது வருஷம் தூங்கிய பவர் சப்ளை முதலில் புகைந்து, டிஸ்க்கையும் சேர்த்துக் கொளுத்திவிடலாம். அதைத் தனியே சோதித்துவிட்டுத்தான் டிஸ்க்கை மாட்ட வேண்டும். மாட்டியும் சுற்றவில்லையா? தலை தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய மெக்கானிக்குகள் டிஸ்க்கைப் படுக்க வைத்தபடியே கையால் வெடுக்கென்று லேசாகத் திருப்பி விடுவார்கள். ஒட்டு விடும், 'ங்ங்ங்' என்று சுற்ற ஆரம்பிக்கும். எப்போதும் பலிக்காது, தட்டைக் கீறியும் விடலாம். அதனால் அது கடைசி வைத்தியம்.

இந்த டிஸ்க்குக்கு இன்னொரு பலவீனம் உண்டு. அணைப்பதற்கு முன் தலையைப் பத்திரமான இடத்துக்கு ஒதுக்க 'பார்க்' என்று ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். தானாக ஒதுங்காது. சொல்லாமல் கொள்ளாமல் கரன்ட் போகிற ஊரில் பார்க்காவது, ஒன்றாவது! தலை எங்கே இருந்ததோ அங்கேயே, தகவலின் மேலேயே இறங்கிவிடும்.

சரி, சுற்றிவிட்டது. அப்புறமும் பழைய கம்ப்யூட்டர் 'டிஸ்க்கா? எந்த டிஸ்க்?' என்று கேட்கும். ஏனென்றால் டிஸ்க்கின் ஜாதகத்தை ஞாபகம் வைத்திருந்தது மதர்போர்டில் உள்ள சின்ன பேட்டரி. அது எப்போதோ செத்திருக்கும். அந்த நாளைய டிஸ்க்குக்குத் தன்னைப் பற்றிச் சொல்லத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். எஸ்டி-225 என்றால் 615 சிலிண்டர், 4 தலை, ஒரு தடத்துக்கு 17 செக்டர். ஒவ்வொரு செக்டரிலும் 512 பைட். பெருக்கிப் பாருங்கள், இரண்டு கோடியே பதினான்கு லட்சம் பைட் வரும், நம் 20 எம்பி. ஐபிஎம் ஏடி பிசியின் பட்டியலில் இது 2-ம் நம்பர். அந்த எண்ணைக் கொடுத்தால் கதவு திறக்கும். தப்பான எண்ணைக் கொடுத்துவிட்டு, வேலை செய்யவில்லையே என்று 'ஃபார்மட்' மட்டும் போட்டுவிடாதீர்கள். அவ்வளவுதான், முடிந்தது.

பழைய கம்ப்யூட்டரே கையில் இல்லையென்றால் சிக்கல் கூடும். அந்த டிஸ்க்கின் மூளை டிஸ்க்கில் இருக்காது. கன்ட்ரோலர் என்று தனி கார்டில் இருக்கும். இரண்டு கேபிள், ஒன்றில் 34 முனை, மற்றதில் 20 முனை. எந்தக் கார்டு எழுதியதோ அந்தக் கார்டு, அல்லது அதே வகைக் கார்டு, படித்தால்தான் படிக்கும். வேறு கம்பெனிக் கார்டுக்கு அது புரியாத பாஷை. ஆகவே பழைய பெட்டியை எடைக்குப் போடும்போது டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொள்வது பாதிப் புத்திசாலித்தனம். கார்டையும் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள்.

1986 வாக்கில் மூளையை டிஸ்க்கோடு சேர்த்து ஒட்டிவிட்டார்கள். அதுதான் ஐடிஇ. அந்த வகை என்றால் கவலை குறைவு. சில நூறு ரூபாய் அடாப்டரில் மாட்டி, யுஎஸ்பி வழியாக இன்றைய லேப்டாப்பில் பெரும்பாலும் பார்த்துவிடலாம். முந்தைய ரகத்துக்கும் இப்போது வழி பிறந்திருக்கிறது. தலையிலிருந்து வரும் சமிக்ஞையை அப்படியே பதிவு செய்து, பிறகு நிதானமாக அர்த்தம் பிரிக்கும் சிறு சர்க்யூட் பலகைகளை வெளிநாட்டில் ஆர்வலர்கள் செய்திருக்கிறார்கள். ராமாக்குக்குச் செய்த அதே வைத்தியம்தான். தட்டும் தலையும் பழசு, மூளை புதுசு.

இத்தனை தடையும் தாண்டிக் கோப்பு கையில் வந்துவிட்டது. ஆசையாகத் திறக்கிறீர்கள். கணக்குப் புத்தகம் என்றால் எண்கள் பளிச்சென்று தெரியும். ஆனால் அது தமிழில் அடித்த கட்டுரையாகவோ கல்யாணப் பத்திரிகையாகவோ இருந்தால்... திரையில் பாதி ஆங்கிலமும் பாதி கேள்விக்குறியுமாக ஏதோ கோழி கிளறின மாதிரி இருக்கும்! டிஸ்க் கெட்டுவிட்டது என்று எத்தனையோ பேர் இந்த இடத்தில் கைவிட்டிருக்கிறார்கள். டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன்பு, ஒவ்வொரு தமிழ் ஃபான்ட் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எழுத்துக்கு எண் கொடுத்தது. ஒருவர் 'அ' வைத்த இடத்தில் இன்னொருவர் 'ணு' வைத்தார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில்தான் டாம், டாப் என்று தர அளவுகளும் தமிழ்99 விசைப்பலகையும் முடிவாயின. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதற்கு முன் எழுதியவையெல்லாம் அந்தந்த ஃபான்ட்டுக்கு மட்டுமே விளங்கும்.

தறிக்காரருக்கு இது புது விஷயமே இல்லை. 120 ஹூக் பெட்டிக்கு அடித்த அட்டை 240 ஹூக் பெட்டிக்குப் பொருந்தாது. ஆனாலும் அவருக்கு ஒரு வசதி, அட்டையை வெயிலில் தூக்கிப் பிடித்தால் துளை கண்ணுக்கே தெரியும். துருவில் எழுதியதைத் தூக்கிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது.

அதனால் டிஸ்க் கிடைத்தால், அதோடு வந்த கம்ப்யூட்டரின் விண்டோஸ் ஃபோல்டரில் 'ஃபான்ட்ஸ்' என்று இருப்பதையும் சேர்த்துக் காப்பி எடுங்கள். அதில்தான் சாவி இருக்கும். ஃபான்ட் பெயர் தெரிந்துவிட்டால், பழைய எழுத்தை யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே உண்டு. அந்தப் பெயரை அன்றைக்கு அடித்துக் கொடுத்தவர் சொன்னால் இன்னும் சுலபம். உங்கள் ஊரில் 1990-களில் டிடிபி சென்டர் வைத்திருந்தவர் யாரென்று விசாரியுங்கள். இப்போது ஜெராக்ஸ் கடையோ செல்போன் கடையோ நடத்திக்கொண்டிருப்பார். 'அண்ணே, அப்ப என்ன ஃபான்ட்ல அடிப்பீங்க?' என்று கேட்டால் போதும்.